மாமாவின் மில்லும் என் காதும்

கல்யாணம் முடிந்த முதல் வாரம், ஒரு சண்டைக்கார வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். நான் நிந்தவூர்க்காரன். கிழக்கிலங்கையில் எங்கள் பகுதியில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். ஆகவே ஒரு சூட்கேசும் ஒரு பெட்டி புத்தகங்களுமாக, சாய்ந்தமருதில் என் மனைவி பஹ்மிதாவின் வீட்டில் வந்து இறங்கினேன். விடிந்ததும் மாமி, “தேத்தண்ணி ஆறுது!” என்று கத்துவார். “வாறன்!” என்று மாமா அதைவிடப் பெரிதாகக் கத்துவார். சோறு, குளியல், கோழிக்குத் தவிடு, எல்லாமே கத்தலில்தான் நடந்தன.

படித்தவன் என்ற பொறுப்பில், மூன்றாம் நாள் சமாதானம் பேசப் போனேன்.

“மாமி பாவம் மாமா. கோபப்படாதீங்க.”

“கோவமா?” என்று மாமா அலறினார். “ஆருக்குக் கோவம்?”

அப்போதுதான் விளங்கியது. யாருக்கும் கோபமில்லை. யாருக்கும் சரியாகக் காது கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மாமா அபூசாலியின் நெல் மில்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். கரண்ட்டை நம்ப முடியாத காலமாதலால் மில் டீசல் இஞ்சினில் ஓடியது. அது ஓடும்போது குசினியில் பாத்திரங்கள் நடுங்கும். பாடசாலை விட்டு வந்ததும், மருமகன் என்ற முறையில் நானும் மில்லுக்குப் போவேன். யாருடைய சாக்கு முன்னால், யாருடையது பின்னால் என்று முறை வைப்பது என் வேலை. இஞ்சினுக்கு மிக அருகில்தான் நான் உட்காரும் கதிரை. கௌரவமான இடம் என்று மாமாவே தன் கையால் போட்டுத் தந்தது.

சத்தம் காதைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் செவிப்புலன் குறைவதைப் பற்றி ஒரு சஞ்சிகையில் வாசித்து, ஆசிரியர் அறையில் அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன். அந்த மக்களுக்காக மிகவும் வருந்தினேன். பிறகு மில்லுக்குப் போனேன்.

இப்படி நாலு வருடம் போனது. ஒருநாள் நான் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருக்க, பக்கத்து வகுப்பு றாஸிக் சேர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“சேர், உங்கட போர்த்துக்கீசரக் கொஞ்சம் மெதுவாக் கரையிறக்குங்க. என்ட கணக்கு வகுப்புக்குள்ள கப்பல் வருது.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சாதாரணமாகக் கதைக்கிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இதைவிடப் பெரிய அவமானம் வீட்டில் காத்திருந்தது. ஒரு பின்னேரம் நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்க, பஹ்மிதா கிட்ட வந்து ஏதோ சொன்னாள். “என்ன?” என்றேன். முகம் சிவக்க மறுபடியும் சொன்னாள். “ஆ?” என்றேன். மூன்றாம் முறை அவள் தன் குடும்ப வழக்கத்துக்கே திரும்பிவிட்டாள். நான் அதன் பொருளை உள்வாங்குவதற்குள், வேலிக்கு அப்பாலிருந்து அவளுடைய சின்னம்மா, ஹாஜறா சாச்சியின் குரல் வந்தது.

“மாஷா அல்லாஹ்! மருமகன், கேட்டிச்சா? நீங்க வாப்பாவாகப் போறீங்களாம்!”

என் பிள்ளையைப் பற்றிய செய்தி எனக்கு முன்பே வேலி தாண்டிவிட்டது. பஹ்மிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் மட்டக்களப்பில் ஒரு காது டொக்டரிடம் போனேன். அறைக்குள் வைத்து மணி அடித்தும் கிசுகிசுத்தும் சோதித்துவிட்டு, “என்ன வேல?” என்று கேட்டார்.

“வாத்தியார்.”

“உங்கட ஸ்கூல்ல அவ்வளவு சத்தமா?”

“மாமாட மில் டொக்டர்.”

அவர் எதையும் இனிப்பாகச் சொல்லவில்லை. போனது போனதுதான், மருந்தில்லை. மிஞ்சியிருப்பதைத்தான் காப்பாற்றலாம். இஞ்சினை விட்டுத் தூர இருக்க வேண்டும். முடியாவிட்டால் காதை முறையாக மூட வேண்டும், பஞ்சு வைத்தால் காணாது. இடையிடையே அமைதியான இடத்தில் காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

“மெல்லிய, கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும்” என்றார். “குருவி, மணிக்கூட்டு டிக்டிக், சின்னப் புள்ளைகள்ட குரல்.”

கடைசி உதாரணத்தை அவர் தவிர்த்திருக்கலாம்.

நிந்தவூரில் என் நண்பன் சரீப் சவூதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தான். அங்கே எல்லோரும் மாட்டும் காதுமூடி ஒன்றை எனக்குத் தந்தான். இரண்டு காதுக்கும் சிரட்டை அளவில் இரண்டு மஞ்சள் மூடிகள், தலைக்கு மேலால் ஒரு வளையம். காவலுக்கு ஆயுதம் வந்தாயிற்று. அதை மாட்டும் தைரியம்தான் வரவில்லை. மகளையும் வீட்டையும் தந்த மனிதரின் முன்னால், உங்கள் மில் என் காதைத் தின்றுவிட்டது என்று மஞ்சள் நிறத்தில் எப்படி அறிவிப்பது?

ஆகவே அதைத் தவிட்டுச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்து, மாமா அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் எடுத்து மாட்டினேன். பாங்கு சொன்னதும் மில்லை நிறுத்திவிட்டுத்தான் மாமா போவார். நானோ வீட்டில் அவசரமாகத் தொழுதுவிட்டு ஓடிவந்து, அந்தப் பூரண அமைதியில் காதுமூடியுடன் உட்கார்ந்திருப்பேன். இஞ்சின் திரும்ப ஓடத் தொடங்கும்போது கழற்றிவிடுவேன். இதில் ஏதோ பிழை இருக்கிறது என்று உணர எனக்குப் பல நாள் பிடித்தது.

சவளக்கடையிலிருந்து நெல்லுக் கொண்டுவந்த நல்லரெத்தினம் அந்தக் கோலத்தில் என்னைக் கண்டார். அது உலகக் கிண்ணக் கிரிக்கெட் நடந்த மாதம்.

“சேர், ரேடியோவோ? ஸ்கோர் என்ன?”

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “இன்னும் தொடங்கல்ல” என்றேன். அன்றிலிருந்து மில்லுக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் ஸ்கோர் கேட்டார்கள்.

ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, என் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதில் வைத்தேன். நின்றுபோயிருந்தது. வலது காதில் வைத்தேன். ஓடியது, ஆனால் தூரத்தில். பஹ்மிதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள அழுதா எந்தக் காதால கேப்பீங்க?”

நான் கடிகாரத்தைத் திரும்பக் கையில் கட்டினேன்.

“வாப்பாட்ட சொல்லப் பயமெண்டா நான் சொல்றன்.”

அவள் சொன்னால் ஊருக்கே கேட்கும். “நானே சொல்றன்” என்றேன்.

மறுநாள் அறுவடை நெல் மூட்டை மூட்டையாய் வந்து, முற்றம் முழுக்க ட்ரக்டர் நின்றது. இஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, எல்லோர் முன்னாலும் காதுமூடியை எடுத்து மாட்டினேன். இஞ்சின் சட்டென்று எழுந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டதுபோல் இருந்தது. நாலு வருடமாகச் சுமந்த தலைவலி எங்கே உட்கார்ந்திருந்தது என்பதுகூட அப்போதுதான் தெரிந்தது.

மாமா வந்தார். அவர் வாய் திறந்து மூடியது. கை உயர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நீண்ட நேரம் பேசினார். இத்தனை நாள் நான் பயந்திருந்த ஏச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு சொல்கூட விளங்கவில்லை. மரியாதைக்காகத் தலையை ஆட்டினேன். அதைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் வந்து, என் வலது காது மூடியை இழுத்துத் தூக்கி, காதுக்குள்ளேயே வாயை வைத்துக் கத்தினார்.

“அப்ப போறதெண்டே முடிவா? என்ட புள்ளயக் கூட்டிக்கிட்டு நிந்தவூருக்குப் போகப் போறீங்களா மருமகன்?”

இஞ்சின் ஒரு வருடத்தில் செய்யக்கூடிய சேதத்தை அந்த ஒரு கேள்வி செய்திருக்கும். ஆனாலும் அவர் கண்களைப் பார்த்தேன். அவர் மில்லுக்காக வரவில்லை. மருமகன் வீடு பிடிக்காமல் கிளம்புகிறான் என்று பயந்து வந்திருக்கிறார். அதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் தலையாட்டியிருக்கிறேன்.

“இல்ல மாமா! இஞ்சயே இருக்கிறதுக்குத்தான் இதப் போட்டிருக்கன்!”

அவருக்குக் கேட்கவில்லை. “ஆ?” என்றார்.

“நான் இந்த வீட்ட விட்டுப் போகமாட்டன்!” என்று என் தொண்டையில் இருந்த முழுச் சத்தத்தையும் திரட்டிக் கத்தினேன். “என்ட புள்ளைட குரல் எனக்குக் கேக்கணும்! அதுக்குத்தான்!”

முற்றத்தில் சாக்குத் தூக்கியவர்கள் நின்று பார்த்தார்கள். நல்லரெத்தினம் வாயைத் துவாயால் மூடிக்கொண்டு சிரித்தார். வேலிக்கு மேலால் ஹாஜறா சாச்சியின் தலை தெரிந்தது.

மாமா என் கதிரையைத் தூக்கி, இஞ்சினிலிருந்து தூரமாக, முற்றத்து வாசலில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, மூடியைத் தன் கையாலேயே பழையபடி என் காதில் வைத்து அழுத்தினார். காதுமடல் மடிந்து உள்ளே அகப்பட்டுக்கொண்டது. நன்றாக வலித்தது.

நான் அதைச் சொல்லவில்லை.