தார்மோவுக்கு ஒன்றும் வேண்டாம்

பின்லாந்தின் தாம்பெரே நகரத்தில் டிராம் ஓட்டுகிற தார்மோவிடம் யாராவது "உனக்குப் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டால், கிதார் வாசிப்பது என்பான். மனைவி ரைலி பக்கத்தில் இருந்தால் உடனே திருத்துவாள்.

"வாசிக்கிறதில்ல. வாங்கறது."

அவள் சொன்னதில் பொய்யில்லை. படுக்கையறைக் கதவை முழுதாகத் திறக்க முடியாது. பின்னால் கிதார்கள் சாய்ந்து நின்றன. கட்டிலுக்கு அடியிலும் கிதார்கள். வரவேற்பறையில், கிதார் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் ஒன்றின் தலையில் ரைலி பூந்தொட்டி வைத்து அதை முக்காலியாக்கியிருந்தாள். காலால் அழுத்தி ஓசையை மாற்றுகிற பெடல்கள் அவளுடைய பழைய செருப்புப் பெட்டிகளில் கிடந்தன. கீழ்த்தளத்தில் அவர்களுக்கென்று இருந்த சாமான் அறையிலிருந்து பனிச்சறுக்குக் கட்டைகள் கிதார்களுக்கு இடம்விட்டு வெளியேறி, பால்கனியில் ஊறிக்கொண்டிருந்தன.

வாங்கி முடித்த பிறகு வருகிற சந்தோஷம் சிறியது, ஒரு வாரம் தாங்கினால் அதிகம். வாங்குவதற்கு முந்தைய நாட்கள்தான் தார்மோவுக்குத் திருவிழா. டிராம் பணிமனையில் ஓய்வு நேரத்தில் காப்பியை ஆறவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். எவனோ ஒருவன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அந்தப் பெடலை மிதித்து வாசித்துக் காட்டுவான். இது வந்துவிட்டால் போதும், அந்த நாதம் கைக்கு வந்துவிடும் என்று தார்மோவுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுக்கும். அவன் தலைக்குள் ஒரு நாதம் இருந்தது. கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் இனிப்பாக. உச்சியில் போய் நிற்கும்போது அழுகிறதா சிரிக்கிறதா என்று சொல்ல முடியாதபடி. அதைத் தேடித்தான் இத்தனையும். அந்த நாட்களில் டிசம்பர் இருட்டுகூட அவனுக்கு உறைக்காது.

அது மாறியது இல்போவின் வேனுக்குள்.

இல்போ கூரைத் தகடு அடிக்கிறவன், அவர்கள் குழுவின் டிரம்ஸ்காரன், இளவயதுத் தோழன். கல்யாணங்களிலும் கோடைக்கால ஏரிக்கரை விருந்துகளிலும் வாசிக்கிற சின்னக் குழு அது. பழைய பஞ்சாலை ஒன்றின் நிலவறையில் பயிற்சி. ஒரு நவம்பர் மாலை, பயிற்சிக்கு வந்த தார்மோவை இல்போ வாசலிலேயே மறித்தான்.

"டேய், வண்டில ஏறு. ஒரு புதையல் கிடைச்சிருக்கு."

"மறுபடியும் கெட்டுப்போன மீனா?"

"மூடிட்டு ஏறுடா."

வேன் அவ்வளவு பழையது, கேசட் போடுகிற வசதி அதில் இன்னும் வேலை செய்தது. இல்போ வீடு மாறும்போது கிடைத்த கேசட். அவர்களுக்கு இருபது வயதிருக்கும்போது இளைஞர் மன்றத்தில் வாசித்த ஒரு சனிக்கிழமை நடனம். இரைச்சலுக்கு நடுவே அவர்களே கட்டிய பாட்டு ஒன்று வந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு விருந்திலும் அதைத்தான் கடைசியாக வாசிக்கிறார்கள். தார்மோவின் தனி வாசிப்பு வந்ததும் இல்போ ஒலியைக் கூட்டினான். அது முடிந்ததும் கேசட்டை நிறுத்தி, போன வாரப் பயிற்சியில் கைப்பேசியில் பதிந்த அதே பாட்டை, அதே இடத்திலிருந்து போட்டான்.

"கேட்டியா? அப்படியே அச்சுல வார்த்த மாதிரி இருக்குடா!" இல்போ ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "முப்பது வருஷம்! ஒரு துளி மாறல. நீ நீதான்டா மாப்ள. உன்னை எவனாலயும் அசைக்க முடியாது."

தார்மோவும் கேட்டான். இளைஞர் மன்றத்துக் கிதார் அவன் நினைவில் இருந்தது. கழுத்து வளைந்து, யார் யாரோ கிறுக்கிய கிதார். அதைச் சொருகியிருந்தது பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய மேடை ஒலிபெருக்கியில். போன வாரம் வாசித்ததோ, அவனிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்த கிதார், அதற்கு முன்னால் வரிசையாக ஏழெட்டுப் பெடல்கள். இரண்டிலும் ஒரே நாதம். உச்ச ஸ்வரத்துக்குப் போவதற்குச் சற்று முன்னால் ஓர் அவசரம் இருந்தது, விழுந்துவிடுவோமோ என்று பயந்தவன் ஓடுவதுபோல. போய்ச் சேர்ந்த பிறகு ஸ்வரம் கொஞ்சம் தாழ்ந்து நிற்க, அதை இழுத்துச் சரிசெய்கிற திருட்டு விரல். இருபது வயதில் செய்த அதே தவறு, அதே இடத்தில்.

"ஆமாண்டா," என்றான். "அப்படியேதான் இருக்கு."

அதற்குப் பிறகு பயிற்சிக்கு இறங்கினார்கள். வழக்கம்போல வாசித்தான். வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப் குடித்தான். இனிமேல் வாங்கக் கூடாது என்று சபதம் எதுவும் அவன் எடுக்கவில்லை.

முன்பே ஆர்டர் கொடுத்திருந்த பெடல் ஒன்று அந்த வாரக் கடைசியில், நாமே போய் எடுத்துக்கொள்கிற சூப்பர் மார்க்கெட் பார்சல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. கைப்பேசியில் செய்தி வந்தது. முன்பெல்லாம் செய்தி வந்த உடனே, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் ஓடுவான். இப்போது நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டான். மறுநாள் பால் வாங்க அதே கடைக்குப் போனான்; பார்சல் பெட்டிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நினைவூட்டல்கள் வந்தன. கடைசியில் பொருள் அனுப்பியவருக்கே திரும்பிவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு, தனக்கு எங்காவது உறுத்துகிறதா என்று பார்த்தான். எங்கும் உறுத்தவில்லை.

ரைலிக்கு முதலில் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறையிலிருந்து அவனுக்குக் கேட்டது.

"குணமாயிடுச்சுடி. ஆமா, தானாவே. அம்மை இறங்கின மாதிரி இறங்கிடுச்சு. கதவு முழுசாத் திறக்குது தெரியுமா!"

கதவு திறந்தது, அவன் ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்ததால். வாங்க வந்தவர்களில் மெர்வி என்று ஒருத்தி, பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவள், பக்கத்து ஊரான லெம்பாலாவிலிருந்து பனியில் சறுக்குகிற சாலையில் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். சிவப்புக் கிதாரை மடியில் வைத்து இரண்டு மீட்டு மீட்டினாள். சுமாராகத்தான் வாசித்தாள். ஆனால் முகம் பூராவும் வெளிச்சம்.

"இதை விக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"

"வீட்ல இடம் இல்ல."

"இதுக்கு எந்த ஆம்ப் பொருத்தமா இருக்கும்? நான் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். என் வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல," என்று சிரித்தாள்.

தார்மோ அவளைக் கீழே கார்வரை கொண்டுவிட்டான். பெட்டியைப் பின்சீட்டில் கிடத்தி, குழந்தைக்குப் போடுவதுபோல பெல்ட் போட்டாள். கார் திருப்பத்தில் மறையும்வரை பனியில் நின்றான். விற்ற கிதார் அவன் நினைவிலேயே இல்லை. அவளுக்கு ஒன்று வேண்டியிருக்கிறதே, வீட்டுக்காரரிடம் மறைக்கிற அளவுக்கு வேண்டியிருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது.

ஆசை போகும்போது தனியாகப் போகவில்லை. மற்ற ஆசைகளையும் இழுத்துக்கொண்டு போனது. ஏரி உறைந்ததும் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறவன், அந்த ஆண்டு துளைக்கருவியை வெளியே எடுக்கவில்லை. சந்தையில் கறுப்பு ரத்த சாசேஜும் லிங்கன்பெர்ரிப் பழ ஜாமும் ரைலி வாங்கித் தந்தால் சாப்பிட்டான், தராவிட்டால் கேட்கவில்லை. டிராமை நேரம் தவறாமல் ஓட்டினான். கூப்பிட்டால் குழுவோடு வாசித்தான். உச்ச ஸ்வரம் வருகிற இடம் நெருங்கும்போது மட்டும், எதிரே வருகிற கடன்காரனைப் பார்த்ததுபோல மனம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

"டாக்டர்கிட்ட போய்ட்டு வாயேன்," என்றாள் ரைலி.

"என்னன்னு சொல்றது? கடைக்குப் போகத் தோணலைன்னா?"

போனான். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. வைட்டமின் மாத்திரையும், வெளிச்சத்தில் நடக்கச் சொல்லி அறிவுரையும் கிடைத்தன. அந்தக் குளிர்காலத்தில் நடக்க வெளிச்சம்தான் இல்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ரைலி மூச்சு வாங்க ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றாமல் நின்றாள்.

"பிரி."

பிரித்தான். உள்ளே காந்த நாடா சுழன்று எதிரொலி எழுப்புகிற பழைய காலத்து எக்கோ பெட்டி. அந்த வகையைப் பற்றி அவன் எத்தனையோ வருஷம் சாப்பாட்டு மேசையில் பேசியிருக்கிறான். "அது உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்று ஒருமுறை அவள் கத்தியதும் உண்டு. கிதாரில் எத்தனை தந்தி என்பதையே எண்ணிப் பார்த்துச் சொல்கிறவள், பெட்டியின் பெயரையும் அது செய்யப்பட்ட ஆண்டையும் தப்பாமல் நினைவில் வைத்திருந்து, கடை கடையாகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"எப்படித் தூக்கிட்டு வந்தே இதை?"

"டிராம்ல. உன் தோஸ்த்து ஒருத்தன் ஓட்டினான். என்னைப் பார்த்துச் சிரிச்சான். சொருகு, கேப்போம்."

மிச்சமிருந்த கிதார்களில் ஒன்றை எடுத்தான். பூந்தொட்டியை இறக்கிவைத்து ஆம்பைப் போட்டான். நாடா மெல்லச் சுழன்றது. ஒரு ஸ்வரம் மீட்டினான். அது அறையைச் சுற்றி வந்து, இன்னும் மென்மையாகி, இன்னொரு முறை வந்தது. நல்ல நாதம். தலைக்குள் இருந்த நாதத்துக்கு இவ்வளவு பக்கத்தில் எதுவும் வந்ததில்லை. ரைலிக்காகத் தங்கள் பாட்டை எடுத்தான். உச்சத்துக்குச் சற்று முன்னால் அவனுடைய அந்த அவசரம் வந்தது. பெட்டி அதைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொன்னது, மறுபடியும் சொன்னது, தேய்ந்து தேய்ந்து அடங்கும்வரை சொன்னது.

கிதாரைக் கீழே வைத்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு. நன்றி, ரைலி."

"நன்றியா?" ரைலி இன்னும் பூட்ஸோடுதான் இருந்தாள், பனி உருகித் தரையில் ஓடியது. "இதுக்குத் தனியா ஒரு வயர் வேணும், இந்த ஆம்ப் சரிப்படாது, வேற வேணும்னு ஒண்ணும் சொல்ல மாட்டியா? ஏதாவது கேளேன். என்கிட்ட பொய் சொல்லிட்டுக் கீழ ஒளிச்சு வைப்பியே, அப்படியாவது பண்ணேன். அந்தப் பழைய தார்மோவை எனக்குப் பிடிக்கலைன்னு நானே நினைச்சிட்டு இருந்தேன்."

அவன் தரையைத் துடைக்கத் துணி எடுத்து வந்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இல்போகிட்டயும் கேட்டேன். என்னடா பண்ணீங்க இவனைன்னு. ஒண்ணும் பண்ணலியே, பழைய கேசட் கேட்டோம், தார்மோ ரொம்ப சந்தோஷமா இருந்தான்னு சொல்றான்."

தார்மோ நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்தக் கேசட்ல நான் வாசிச்சதும் இப்ப வாசிக்கிறதும் ஒண்ணுதான், ரைலி. அடுத்தது வந்தா சரியாயிடும், அடுத்தது வந்தா சரியாயிடும்னே இருந்துட்டேன். சரியாக வேண்டியது விரல். அதைச் சரி பண்ண வேண்டிய வருஷமெல்லாம் பெட்டி பிரிச்சே போச்சு."

"போனா போகட்டுமே. யாரு இப்ப உன்கிட்ட கணக்குக் கேட்டா? நீ வாசிச்சா எனக்குப் பிடிக்கும்."

"தெரியும்," என்றான்.

அது உண்மை என்பது அவனுக்குத் தெரியும். அதனால் ஒன்றும் மாறவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. தரையைத் துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து போட்டாள்.

சனிக்கிழமைகளில் கட்டடத்தின் பொதுச் சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், அவர்களுக்கு ஒரு மணி நேரம். துண்டோடு இறங்கிப் போனார்கள். மேல் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரைலி அடுப்பின் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினாள். ஆவி எழுந்து இருவர் தோளிலும் இறங்கியது.

அகப்பையை வைத்துவிட்டு அவள் கேட்டாள். "கிதாரை விடு. வேற ஏதாவது வேணுமா உனக்கு? எதுவா இருந்தாலும் சரி. ஊருக்குப் போகணுமா, நாய் வளர்க்கணுமா, என்னை விட்டுட்டுப் போகணுமா. சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

சட்டென்று பதில் சொல்லி அவளைத் தள்ளிவிடவில்லை அவன். கண்ணை மூடி உண்மையாகவே தேடினான். கோடையில் படகை எடுப்பதை நினைத்துப் பார்த்தான். வடக்கே போவதை, நாயை, புதிய குளிர்ச் சட்டையை, ரைலியின் கையை. ஒவ்வொன்றும் வந்தது, எதற்கும் மனம் அசையவில்லை.

"ஒண்ணும் தோணல, ரைலி."

அவள் தலையசைத்தாள். இன்னொரு அகப்பை தண்ணீர் ஊற்றினாள். கல் சீறி அடங்கியது. வெளி அறையில் அடுத்த குடும்பத்தின் பேச்சுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. அவர்களுடைய நேரம் முடிந்திருந்தது. இருவரும் உடம்பைத் துடைத்துக்கொண்டு, உடுத்திக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக மாடிப்படி ஏறினார்கள்.