சத்தம் போடாத மெஷின்

தேவாலயச் சபைக்குழுத் தலைவர் பிரெபென் வேலி வெட்டும் மெஷினைப் பரிசோதிக்க வந்த கோலத்தைப் பார்த்ததுமே விபெக்கேவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையில் ஆரஞ்சு ஹெல்மெட், முகத்துக்கு வலை, காதுக்குக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இரண்டு மூடி, முழங்கால் வரை பூட்ஸ், முழங்கை வரை கையுறை. காட்டில் மரம் வீழ்த்தப் போகிறவன்கூட இவ்வளவு மாட்டிக்கொள்ள மாட்டான். மனிதர் வெட்டப் போவதோ கல்லறையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நிற்கிற உயிர்வேலியை. எல்லாம் புத்தம் புதுசு. பூட்ஸின் பக்கவாட்டில் கடைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வந்தாச்சுப்பா, நிலாவுக்குப் போறவரு" என்றாள் யோர்னிடம்.

யோர்ன் இருபது வருடமாக அவளோடு அதே கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்கிறவன். "வாயைக் கட்டு, விபெக்கே. உன் மெஷினைத்தான் பாக்க வந்திருக்காரு" என்றான். பிறகு, தனக்கு எதற்கு வம்பு என்று, இலைகளை அள்ளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்விட்டான். யோர்ன் எப்போதும் அப்படித்தான். சண்டை வரும் என்று தெரிந்தால் அவனுக்கு மறுகோடியில்தான் வேலை இருக்கும்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டென்மார்க்கின் வட ஜட்லாந்தில் அந்த ஊர் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் இடத்தைச் சுற்றியும் தனித்தனி வேலி. உயிரோடு இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறு போட்டவர்கள், செத்த பிறகும் விடுவதாக இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து நீட்டினால் பதினொரு கிலோமீட்டர் வரும். ஜூன் கடைசியில் ஊர் கூடிக் கோடைத் தீ கொளுத்தும் நாளுக்கு முன் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை, குனிந்தபடியே வெட்ட வேண்டும். இருபத்தாறு வருடம் பெட்ரோல் மெஷினின் அதிர்வு விபெக்கேவின் கைக்குள் ஏறி, இப்போது குளிர்காலையில் அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துப் போகும். சட்டைப் பொத்தானைப் பல்லால் கடித்துப் போட்டுக்கொள்வாள். இன்னொரு கோடை பெட்ரோல் மெஷினோடு போனால் விரல்களில் உணர்ச்சி திரும்பவே திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒன்று வாங்கிக் கொண்டுவரலாம் என்றால் சபையின் விதி இடம் கொடுக்காது. ஆகவே அவளுக்கு வேண்டியது அதிர்வில்லாத, கனமில்லாத ஒரு பேட்டரி மெஷின். அதை வாங்கித்தர வேண்டியவர் இந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தார்.

பிரெபென் முப்பது வருடம் திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். துணியை மீட்டரால் அளந்து அளந்து, உலகத்தில் எதையும் நீளத்தை வைத்துத்தான் மதிப்பார். கடையை விற்ற பிறகு பொழுது போகாமல் சபைக்குழுத் தேர்தலில் நின்றார். வேறு யாரும் நிற்காததால் ஜெயித்தார். அன்றிலிருந்து இந்தக் கல்லறைத் தோட்டத்தில் சரளைக்கல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு கூட்டம்.

விற்பனைக்காரன் கென்னெட் வேன் கதவைத் திறந்து மூன்று மெஷின்களைப் புல்லில் வரிசையாகப் படுக்க வைத்தான். கூர்மூக்கு ஷூ போட்டுக்கொண்டு சரளைக்கல்லில் நொண்டி நொண்டி நடந்தான். தோட்ட மெஷின் விற்கிறவன் தோட்டத்துக்குள் நடக்கத் தெரியாமல் நடந்தது விபெக்கேவுக்குப் பரம திருப்தியாக இருந்தது.

"இதுல எது நீளம்?" என்றார் பிரெபென். முதல் கேள்வியே அதுதான்.

"இது சார். எழுபத்தஞ்சு சென்டிமீட்டர். ஒரே இழுப்புல பாதி வேலி முடிஞ்சிரும்."

"அப்ப இதுதான்."

"மூலைக்கு என்ன செய்யறது?" என்றாள் விபெக்கே. "இங்க ஒவ்வொரு கல்லறைக்கும் நாலு மூலை இருக்கு பிரெபென். மூணு எட்டு வச்சா ஒரு மூலை. இதைத் திருப்பினா பக்கத்துக் கல்லறையில இருக்கற ரோஜா போயிரும். அதோட முன்பக்கம் கனம். நின்னுக்கிட்டு வெட்டற பணக்கார வீட்டு வேலிக்குச் செஞ்சது. நான் குனிஞ்சு நிக்கறேன்."

பிரெபென் காதுமூடியை ஒரு பக்கம் தூக்கி, "என்னது?" என்றார். அவள் மறுபடியும் முழுதாகச் சொன்னாள்.

இரண்டாவது மெஷினுக்குப் பேட்டரி முதுகுப்பையில். அதிலிருந்து ஒரு வயர் கைக்கு வரும். நாள் முழுக்க நிற்காமல் ஓடும் என்று கென்னெட் அளந்தான். பிரெபென் பையை மாட்டிக்கொண்டு நான்கு அடி நடந்தார். வயர் ஒரு கல்லறைமேல் இருந்த பீங்கான் புறாவின் கழுத்தில் மாட்டி, புறா குப்புற விழுந்தது. அலகு உடைந்தது.

"வேற யாரும் பாக்கலையே?" என்றார் பிரெபென்.

"செத்தவரு பாத்திருப்பாரு" என்றாள் அவள்.

மூன்றாவதுதான் அவள் மனதுக்குள் வைத்திருந்தது. குளிர்காலம் முழுவதும் பக்கத்து ஊர்களின் கல்லறைத் தோட்டங்களுக்கு சைக்கிளில் போய், அங்கே வேலை செய்கிறவர்களிடம் கெஞ்சி, ஆளுக்கு அரை மணி நேரம் வாங்கி வெட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மெஷின் அது. கத்தி ஐம்பது சென்டிமீட்டர்தான். பேட்டரி இடுப்புப் பட்டையில், வயர் குட்டை. கையில் பிடித்தால் ரொட்டிக் கூடை அளவுக்குத்தான் கனம். அரை மணி வெட்டிவிட்டு அதே கையால் தீக்குச்சி கிழிக்க முடிந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் அழுதிருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கென்னெட்டுக்கு அது மலிவானது என்பதால் ஆர்வம் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இதுல ஒரு விசேஷம் சார், சத்தமே கிடையாது. அடக்கம் நடக்கும்போதுகூட நிறுத்த வேண்டியதில்ல. வருஷத்துக்கு எத்தனை அடக்கம்? அத்தனையும் உங்களுக்கு மிச்சம்."

விபெக்கே அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க மணி அடிச்சு பெட்டி வெளிய வந்தா எல்லா மெஷினும் நிக்கும். தொப்பியைக் கழட்டி, பெட்டி தாண்டற வரைக்கும் ஆடாம அசையாம நிப்போம். சத்தத்துக்காக இல்ல. செத்தவங்களுக்காக. அது உனக்குப் புரியாது, நீ போய் சார்ஜரை எடுத்துட்டு வா."

கென்னெட் நொண்டிக்கொண்டு வேனுக்குப் போனான். பிரெபென் மூன்றாவது மெஷினை எடுத்து இடுப்புப் பட்டையைக் கட்டினார். "நானே வெட்டிப் பாக்கறேன்மா. கையெழுத்து போடறவனுக்குக் கை தெரியணும்ல."

"இதுக்கு அந்தக் காதுமூடி வேண்டாம் பிரெபென்."

"விதி விதிதான்" என்று சொல்லி இரண்டு கிண்ணத்தையும் காதில் அழுத்திக்கொண்டார். பாதுகாப்பு விதியை எழுதினதே அவர்தான்.

நடைபாதைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து வெட்ட ஆரம்பித்தார். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், மோசமாக வெட்டவில்லை. பத்து அடி போனதும் நிமிர்ந்து, கட்டைவிரலை உயர்த்தி, கேட்காத காதோடு கத்தினார்: "நீ சொன்னதுதான் சரி விபெக்கே! வெண்ணெய்ல போற மாதிரி போகுது! இதையே வாங்கிருவோம், திங்கக்கிழமை கூட்டத்துல முடிச்சுடறேன்!"

அவள் இன்னும் கிட்டே போய் நின்றாள். அவர் மறுபடியும் குனிந்தார்.

அப்போதுதான் மணி அடித்தது.

கசாப்புக்கடை ஓட்டோவின் அடக்கம். பதினொன்றரைக்கு என்று பலகையில் எழுதி வைத்ததே விபெக்கேதான். தேவாலயக் கதவு திறந்து ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் கறுப்பு அங்கியில் போதகர், பின்னால் ஓட்டோவின் மனைவி எல்லென், அவளுக்குப் பின்னால் பாதி ஊர். விபெக்கே தொப்பியைக் கழற்றினாள், கையைக் கோத்தாள், நின்றாள்.

பிரெபென் நிற்கவில்லை. காதுமூடிக்குள் இருந்த மனுஷனுக்கு எந்த மணி கேட்கும்? பக்கத்தில் யாருடைய பெட்ரோல் மெஷினாவது அலறிக்கொண்டிருந்தால், அது நின்றதை வைத்தாவது தெரிந்துகொண்டிருப்பார். இங்கே நிற்பதற்கு இன்னொரு மெஷினே இல்லை. கத்தரிப்பல் சக்சக்கென்று வெட்ட, ஏதோ ஒரு கோடைப்பாட்டை உரக்க முனகிக்கொண்டு, தன் ஆரஞ்சு ஹெல்மெட்டையும் அகன்ற பின்புறத்தையும் ஆட்டியபடி வேலியோடு வேலியாக நகர்ந்தார்.

விபெக்கே இரண்டே அடி தூரத்தில் நின்றாள். கையை நீட்டினால் இடுப்புப் பட்டையின் வயரைப் பிடுங்கியிருக்கலாம். தோளில் தட்டியிருக்கலாம். ஆனால் பெட்டி தாண்டும்வரை அசையக்கூடாது. அதுதான் வழக்கம். வழக்கம் அவளுக்கு அன்றைக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது! சரளைக்கல்லுக்குக் கூட்டம் போட்ட மனுஷன், மூலைக்கு என்ன செய்வது என்று கேட்டால் என்னது என்கிற மனுஷன், ஊரே பார்க்க இப்படிக் குனிந்து நிற்கட்டும். பார்க்கட்டும், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உள்ளுக்குள் அவள் கொண்டாடிக்கொண்டிருந்தாள்.

பெட்டி சரியாக அவருக்குப் பின்னால் வந்தபோது பிரெபென் திரும்பாமலே முழுத் தொண்டையில் கத்தினார்:

"இனிமே சாவு வந்தாக்கூட நிறுத்த வேண்டியதில்ல விபெக்கே! ஒருத்தனுக்கும் கேக்காது!"

பெட்டி நின்றது. தூக்கி வந்தவர்களில் ஒருவனுக்குக் கால் பிசகியது. போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அமைதியில் மெஷின் மட்டும் சக்சக்கென்றது. எல்லென் வரிசையிலிருந்து விலகி வந்து பிரெபெனின் தோளைத் தொட்டாள். அவர் திரும்பினார். ஹெல்மெட்டையும் காதுமூடியையும் ஒன்றாகப் பிடுங்கி எறிந்தபோது அவர் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போயிருந்தது. எல்லென் அவரை ஒன்றும் சொல்லவில்லை. விபெக்கேவைத்தான் பார்த்தாள்.

"அவரு காதை மூடியிருந்தாரு. நீ?"

அவ்வளவுதான் கேட்டாள். பெட்டி நகர்ந்தது.

திங்கட்கிழமை கூட்டம் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக் காப்பி நேரத்தில் பிரெபென் தோட்டத்துக் கருவிக் கொட்டகைக்கு வந்தார். சாதாரணக் கோட்டு, வெறும் தலை. யோர்ன் உடனே தன் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"பேட்டரி மெஷின் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்கம்மா" என்றார். "சத்தமில்லாததாலதான் அப்படி ஆச்சாம். பெட்ரோல் மெஷின்னா ஓடறது எல்லாருக்கும் தெரியுமாம். மரியாதைக்கு அதுதான் நல்லதுன்னு தீர்மானம் எழுதிட்டாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சே இல்ல."

விபெக்கேவுக்கு நாக்கு துறுதுறுத்தது. "உங்க கூட்டத்துக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா பிரெபென்? காதை மூடினவரு நீங்க, தண்டனை மெஷினுக்கா? நீங்களும் சேர்ந்துதானே கையைத் தூக்கினீங்க?"

"எட்டுக்கு ஒண்ணு" என்றார் அவர். "வாங்கலாம்னு தூக்கின கை என்னோடது மட்டும்தான். எல்லாரும் சிரிச்சாங்க. இந்த ஆளு இன்னும் அந்த மெஷினை விடலைன்னு."

அவள் காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள்.

"உன் விரலைப் பத்தி சொல்லிப் பாத்தேன். வெட்டும்போது எனக்கே தெரிஞ்சுது, கையில அதிர்வே இல்ல. அதையும் சொன்னேன். என் பேச்சை இனிமே இந்த ஊர்ல யாரு கேக்கப்போறா?"

இந்த ஆளைத் திட்ட அவளிடம் ஒரு பொதி வார்த்தை இருந்தது, அவர் தலைவரான நாளிலிருந்து சேர்த்து வைத்தது. ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை.

"நான் வேணும்னேதான் நின்னேன் பிரெபென்" என்றாள் கடைசியில். "அசையக்கூடாதுன்னு இல்ல. நீங்க அசிங்கப்படறதைப் பாக்கணும்னு."

"தெரியும்" என்றார் அவர். "திரும்பினப்போ உன் மூஞ்சியைத்தான் முதல்ல பாத்தேன்."

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். விபெக்கேவுக்குத் தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கோடைத் தீக்கு இன்னும் ஒன்பது நாள், எட்டரைக் கிலோமீட்டர் வேலி பாக்கி. பெட்ரோல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவின் புது மண்ணுக்குப் பக்கத்து வரிசையில் நின்று மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். இரண்டு தடவை விரலிலிருந்து நழுவிப்போனது. மூன்றாவது இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அலற ஆரம்பித்தது.