நேற்றைய தண்ணீர்

மராத்தி பேசும் போபோடியில் அந்தச் சந்துக்குத் தண்ணீர்ச் சிக்கனம் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டால், பிலிஸ் டீச்சர் என்றுதான் பதில் வரவேண்டும். ராஜி வரும்வரை அதில் பிலிஸுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

சந்தில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் நெருங்கினால், முந்தின நாள் பிடித்து வைத்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். அது 'ஷிளே பாணி', பழைய தண்ணீர், உடம்புக்கு ஆகாது என்பது அவர்கள் கணக்கு. மூடி வைத்த தண்ணீர் ஒரு ராத்திரியில் கெட்டுப் போகாது என்று பிலிஸ் வருஷக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தினாள். சர்ச் ஹாலில் கரும்பலகை வைத்து, கடக்வாஸ்லா அணையைப் படம் போட்டு, இந்தியில் பாதி மராத்தியில் பாதி, கோபம் வந்தால் தமிழில் என்று வகுப்பு எடுத்தாள். பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். சில வீடுகள் மாறின. மற்றவர்கள் டீச்சர் கண்ணில் படாமல் கொட்டினார்கள்.

ராஜி கோயம்புத்தூர்க்காரி. கணவன் வாசுதேவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சந்து முனையில் எழும்பிய புது அபார்ட்மெண்டில் குடியிருந்தாள். வந்து வருஷம்கூட ஆகவில்லை, மராத்தியில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாது. ஆனால் சித்திரையில் ஹள்தி குங்குமத்துக்குச் சந்துப் பெண்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்தாள். மஞ்சள் குங்குமம் கொடுத்து, மாங்காய்ப் பானகம் ஊற்றி, தப்பும் தவறுமான மராத்தியில் தண்ணீரைப் பற்றிப் பாட்டு ஒன்று பாடினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுவாரம் சந்தில் ஒருத்தியும் தண்ணீரைக் கொட்டவில்லை.

பிலிஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. கிறிஸ்தவ வீட்டில் ஹள்தி குங்குமம் நடத்த முடியுமா? இத்தனை வருஷச் சாக்பீஸ் தூசியை ஒரு டம்ளர் பானகம் தோற்கடித்துவிட்டதே என்று சோறு இறங்கவில்லை.

"எவ சொன்னா என்ன பிலிஸ்? தண்ணி மிஞ்சுதுல்ல, அது போதும்," என்றான் கணவன் நார்மன்.

"நீங்க சும்மா இருங்க. அவ பாடுதது பாட்டா? கழுதைகூட அதைவிட நல்லாக் கத்தும்."

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி இன்னொரு சேதி வந்தது. சந்து மாறிவிட்டதைக் கேள்விப்பட்டு, நகரத்திலிருந்து ஒரு தண்ணீர்ச் சேமிப்பு இயக்கத்தார் வியாழக்கிழமை பார்க்க வருகிறார்களாம். போபோடியின் மற்ற சந்துகளுக்கும் போய்ச் சொல்லிக் கொடுக்க ஒருத்தியை அவர்களே நியமிப்பார்களாம். அந்த இடம் தன்னுடையது என்று பிலிஸின் உடம்பின் ஒவ்வோர் அணுவும் சொன்னது. அது ராஜிக்குத்தான் போகும் என்று மனசு சொன்னது.

புதன்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு ஷேவந்தா வாயெல்லாம் பல்லாக நின்றாள். "ராஜி தாயி சொன்ன மாதிரி எல்லாப் பாத்திரத்தையும் மூடி வெச்சிருக்கேன் டீச்சர்."

அந்த 'தாயி', அக்கா என்கிற உறவு, பிலிஸின் காதில் ஈயமாக இறங்கியது. "வெச்சுக்கோ, வெச்சுக்கோ," என்றாள். "இந்த வெயிலுக்குப் புழு வெக்கும். பிள்ளைங்களுக்கு வாந்திபேதி வந்தா பாட்டுப் பாடவா போற? நானா இருந்தா காலையில முதல் வேலையா கொட்டிருவேன்."

ஷேவந்தா ஒருத்தி கொட்டினால் போதும், வருகிறவர்கள் முன்னால் ராஜியின் முகம் கொஞ்சம் வாடினால் போதும் என்றுதான் பிலிஸ் நினைத்தாள். ஷேவந்தாவின் வாயைப் பற்றி அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

வியாழன் காலை அவள் கதவைத் திறந்தபோது சாக்கடை நிறைந்து ஓடியது. சந்து முழுக்கப் பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. குழாய் உஸ்ஸென்று காற்றைத்தான் விட்டது. எங்கோ மெயின் பைப் உடைந்துவிட்டது, நாளை மறுநாள்தான் தண்ணீர் என்று சேதி வந்தது. கைக்குழந்தைக்காரிகள் அழாத குறை.

முதலில் ஓடி வந்தவள் ராஜி. என்ன, ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வாட்ச்மேனை எழுப்பி, அபார்ட்மெண்ட் தொட்டியிலிருந்து ஓஸ் பைப்பைச் சந்து வரைக்கும் இழுத்துவிட்டாள். புடவை முழங்கால்வரை நனைய ஒவ்வொரு குடமாகப் பிடித்துக் கொடுத்தாள்.

இயக்கத்தார் வந்து சேர்ந்தபோது அவள் அந்தக் கோலத்தில்தான் இருந்தாள். "மற்ற சந்துகளுக்கு யாரை அனுப்பலாம்?" என்று அவர்கள் கேட்டார்கள்.

"டீச்சர்!" என்றாள் ஷேவந்தா. "டீச்சர்தான்!" என்றார்கள் மற்றவர்களும். பிலிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானும் அதையேதானுங்க சொல்ல வந்தேன்," என்று ராஜி பிலிஸிடம் தமிழில் சிரித்தாள். "என்ரகிட்ட வந்து சிரிச்சுட்டுப் போவாங்க. டீச்சர் சொல்லிக் குடுத்ததுன்னுதானுங்க செஞ்சாங்க."

ஷேவந்தா அவளை மேலே பேச விடவில்லை. "ராஜி தாயி நல்லவங்க. ஆனா டீச்சர் ஒரு வார்த்தை சொன்னா சந்தே கேட்கும். கேட்டுப் பாருங்க, நேத்து புழு வெக்கும்னு சொன்னாங்க, இன்னைக்கு ஒரு வீடு மிச்சமில்லாம கொட்டிட்டோம்." அவள் முகத்தில் அத்தனை பெருமை. பிறகு, சந்தேகம் கேட்கிற வகுப்புப் பிள்ளையைப் போல பிலிஸ் பக்கம் திரும்பினாள். "இப்போ பிடிச்ச தண்ணியை என்ன செய்யறது டீச்சர்? வைக்கட்டுமா, காலையில கொட்டட்டுமா?"

ராஜியின் கை ஓஸ் பைப்போடு அப்படியே நின்றது. அவள் பிலிஸைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"வைக்கணும்," என்றாள் பிலிஸ்.

"சரி டீச்சர்," என்று ஷேவந்தா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள்.

"அப்போ நேத்து ஏன் கொட்டச் சொன்னீங்க?"