ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ரத்தம்

சங்ககிரியில் டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்த அர்த்தநாரிக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும். போன தையில் அவருக்கு மூளையில் சின்னதாக ரத்தம் கசிந்தது. சில நாள் இடது பக்கம் வருகிறவர்கள் கண்ணில் படவில்லை, பிறகு சரியாகிவிட்டது. வேறொருவராக இருந்தால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிவிட்டு மறந்திருப்பார். இவர் சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவிப்ரியாவைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தார். ஏன் கசிந்தது, ஏன் அந்த இடத்தில், மறுபடி கசியுமா?

டாக்டர் பொறுமைசாலி. வயதான சிலருக்கு அமிலாய்டு என்ற புரதம் மூளையின் சின்ன ரத்தக்குழாய்ச் சுவர்களில் படியும், படிந்த இடம் நைந்து கசியும் என்றார். அவருக்குக் கசிந்தது அதனாலா, ரத்தக்கொதிப்பாலா என்பது ஸ்கேனில் தெளிவாகவில்லை. அது தெரியாமல் ஒரு முடிவும் எடுக்க முடியாது. அவர் நெஞ்சில் ஸ்டென்ட் இருந்தது. அதற்காகத் தினமும் சாப்பிட்ட, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் கசிவு வந்ததும் நிறுத்தியிருந்தார்கள். புரதம்தான் காரணம் என்றால் மாத்திரையைத் தொடங்குவது மூளைக்கு ஆபத்து. தொடங்காவிட்டால் நெஞ்சுக்கு ஆபத்து. அந்தப் புரதத்தின் தடயத்தை ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க, கசிவு வராத வயதானவர்களின் ரத்தமும் வேண்டுமாம். அர்த்தநாரி திரும்பி மனைவி ஆராயியைப் பார்த்தார்.

ஊசி என்றாலே ஆராயிக்கு ஆகாது. ஆனாலும் அவர் உயிருக்கு உதவுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்று கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் இரண்டு திட்டுகள். கிரைண்டரில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர் அதை மட்டும் மேற்கொண்டு கேட்கவில்லை.

முடிவு வரும்வரை டீக்கடையில் லாரி டிரைவர்களுக்கு மூளையைப் பற்றிப் பாடம் எடுத்தார். அவர் வருவதைப் பார்த்தால் பாதி டீயோடு எழுந்துபோனவர்களும் உண்டு.

ஆடியில் டாக்டர் இருவரையும் வரச்சொன்னார். அர்த்தநாரியின் ரத்தத்தில் சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை, மாத்திரையைத் தொடங்கலாமா என்று இதய டாக்டரிடம் பேசுகிறேன் என்றார். ஆராயியின் ரத்தத்தில்தான் அந்தப் புரதத்தின் அளவுகள் மாறியிருந்தன.

"இது ஆராய்ச்சிதாங்கய்யா. இத மட்டும் வெச்சு நோவுன்னு சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்தரலாம்."

கூடவே, ரத்தத்தை இளக்குகிற மாத்திரை ஏதும் அம்மா சாப்பிடவில்லையே என்று கேட்டார். அவளுக்குச் சர்க்கரைகூடக் கிடையாது என்று பெருமையாகச் சொல்ல அர்த்தநாரி வாயெடுத்தார்.

"இவருக்கு நிறுத்துனீங்கல்லங்க, அந்த மாத்தரைய நாந்தான் தின்னுட்டு வாரனுங்க" என்றாள் ஆராயி.

மிச்சம் நிறைய இருந்ததாம், எறிய மனசு வரவில்லையாம். ரத்தம் இளகினால் கால் மரத்துப்போவது நிற்கும் என்று நினைத்தாளாம். வீட்டில் மிஞ்சிய எதையும் அவள் எறிந்ததில்லை. பழைய சோறு, பேரனின் கிழிந்த பை, அவருக்கு எழுதிக்கொடுத்த இருமல் மருந்து, எல்லாம் அவள் கணக்கில் ஒன்றுதான்.

இன்றே நிறுத்துங்கள் என்றார் டாக்டர். அர்த்தநாரிக்கு முதலில் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது பயமாகிவிட்டது. தன் மூளையைப் பற்றி அத்தனையும் தெரிந்துகொள்ளத் துடித்தவருக்கு, அவளுடையதைப் பற்றி எதுவும் தெரியாமலிருந்தால் போதும் என்றிருந்தது. ஸ்கேன் அடுத்த மாதம் எடுத்தால் ஆகாதா என்றுகூடக் கேட்டுப்பார்த்தார். ஆராயிதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங் அம்முணி, அது எங்கீங்க படியும்? நெனப்பு இருக்கற எடத்துலயா?"

பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அப்படியென்றால் பார்த்துவிடலாம் என்று அவளே நாள் கேட்டுக்கொண்டாள்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் கூடாது. தோட்டையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு, தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கால்விரல் மிஞ்சிகளை மறந்துவிட்டாள். கல்யாணத்தன்று போட்டவை, சதைக்குள் புதைந்திருந்தன. நர்ஸ் சோப்புத் தண்ணீரோடு வந்து குனிந்ததும் ஆராயி காலை இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே கழட்டுங்க" என்றாள் அவரிடம். "நீங்க இருக்கறப்ப வேற யாரும் கழட்ட வேண்டாம்."

அத்தனை பேர் பார்க்க அர்த்தநாரி தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சோப்பைத் தடவி, வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மெல்லத் திருகினார். இரண்டும் வந்த பிறகு விரல்களில் வெயிலே படாத இரண்டு வளையங்கள் தெரிந்தன.

ஆராயி குனிந்து அதிசயமாகப் பார்த்தாள்.

"இந்த எடத்துல நான் எத்தன செவப்பு, பாத்தீங்களா?"

நர்ஸ் கையைப் பிடித்து அவளை உள்ளே கூட்டிப்போனாள். கதவு மூடியது. உள்ளே இயந்திரம் தடதடவென்று தட்டத் தொடங்கியது. நுரை காயாத உள்ளங்கையில் மிஞ்சிகளை மூடிக்கொண்டு, அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.