பிரேக் லைட்டைக் காட்ட வந்தவர்

என் கணவரின் காருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்கு ஐம்பத்து மூன்று. அதனால்தானோ என்னவோ, அதற்குக் கொடுக்கும் மரியாதையை அவர் வீட்டில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் பிரேக் லைட் விஷயத்தில் அந்தக் கார் அவரை மதித்ததே கிடையாது.

அதில் இருந்தது பழைய ரக ஸ்விட்ச். பிரேக் எண்ணெய் போகும் குழாயில் திருகி வைத்திருப்பார்கள். பெடலை மிதித்து எண்ணெய் அழுத்தம் ஏறினால்தான் பின்னால் சிவப்பு எரியும். ஸ்விட்ச் புதிதாக இருக்கும்போது விளக்கு ஒழுங்காக எரியும். ஆறு மாதத்தில் சோம்பல் வந்துவிடும், அப்புறம் எட்டி உதைத்தால்தான் வேலை செய்யும். இவர் நாலு தடவை மாற்றினார். நாலும் அதே ரகம். பதினோரு வருடமாக ஒவ்வொரு சிக்னலிலும் அவர் உதைக்க, என் நெற்றி முன்கண்ணாடி வரை போய் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமையானால் காருக்குப் பின்னால் நின்றுகொண்டு "எரியுது", "எரியல" என்று கத்துவது என் பொறுப்பு.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்குத் தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கத்தான் செய்கிறது.

போன மாதம் ஒருவழியாக அவருக்குப் புத்தி வந்தது. எண்ணெய் ஸ்விட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, பெடலுக்கு நேராகவே ஒரு ஸ்விட்ச் வைத்தார். சும்மா இருக்கும்போது பெடல் அந்த ஸ்விட்சின் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும். மிதித்தால் பெடல் விலகும், பொத்தான் வெளியே வரும், விளக்கு எரியும். உதைக்கவே வேண்டாம். இதற்காக இரண்டு ஞாயிறு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, கால்களைச் சீட்டின் மேல் போட்டபடி கிடந்தார். கடைசியில் நான் பின்னால் போய் நின்றேன். அவர் உதைத்தார். எரிந்தது.

"நாளைக்கு உன் பஸ்ஸுக்கு முன்னாடியே வரேன். உயரத்துல உக்காந்து நல்லா பாரு" என்றார்.

சொன்னபடியே வந்தார். மறுநாள் காலை தபால் நிலைய முனையிலிருந்து கார் என் முன்னால் நுழைந்தது. ஜன்னல் வழியாக ஒரு கை ஆடியது. சந்திப்பை நெருங்கினோம். புது ஸ்விட்ச் இருக்கும் தைரியத்தில், பதினோரு வருடத்தில் முதல் முறையாக மனிதர் பெடலைப் பூப்போல மிதித்தார். கார் மெதுவாக நின்றது. சிவப்பு வரவில்லை. நானும் சிவப்பு வரும், வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

டொம்.

நடக்கும் வேகம்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார் பம்பரில் தட்டளவு ஒரு பள்ளம். இறங்கி ஓடி வந்தவர், முப்பது பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, என் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்ட முதல் கேள்வி:

"எரிஞ்சுதா?"

டெப்போவில் விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"முன்னாடி போன கார் யாருது?"

"எங்க வீட்டுக்காரருது சார்."

பேனாவை மூடினார். "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?"

சிரிப்பு வரும் நிலைமை இல்லை. தவறு என் பேரில் பதிவானால் மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பத்தொன்பது வருடமும் குப்பைக்குப் போகும். முன் வண்டியில் பிரேக் லைட் எரியவில்லை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். ஆனால் என் கணவர் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்தது இது: "லைட் கண்டிப்பாக எரிந்திருக்கும். என் கையால் மாற்றியது." மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. பேசவில்லை என்று அவருக்குத் தெரியவே ஒரு நாள் ஆயிற்று.

நாலாம் நாள் காரை டெப்போவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், பட்டறை ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் காருக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். தலைமை மெக்கானிக் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆகவே என் கணவர் அவருக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை முடியைச் சீவிக்கொண்டு வந்திருந்தார்.

"மிதிங்க சார்" என்றார் அதிகாரி.

உதைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடி உதை. மறுபடி பளிச். முதல் தடவை பழக்கம். இரண்டாவது, மெதுவாக மிதிக்கப் பயந்து உதைத்தது, அது எனக்குத் தெரியும். பக்கக் கண்ணாடியில் அவர் கண் என்னைத்தான் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி "நல்லாத்தானே எரியுது" என்று எழுத ஆரம்பித்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப பாருங்க. எரியுதா?"

"எரியல!" என்றது மொத்த டெப்போவும்.

"அன்னைக்கு இப்படித்தான் மெதுவா மிதிச்சேன். இப்ப வேணும்னே உதைச்சேன். தப்பு என்னோடது. அவ மேல எழுதாதீங்க."

தலைமை மெக்கானிக் டார்ச்சோடு பெடலுக்கு அடியில் புகுந்தார். உள்ளேயிருந்து டங் டங் என்று தகட்டைத் தட்டும் சத்தம் வந்தது.

"மாப்பிள்ளை, ஸ்விட்சைத் தாங்குற இந்தத் தகடு... பிஸ்கட் டப்பா மூடிதானே?"

"ஆமா. நல்ல டப்பா."

"நல்ல டப்பாதான். ஆனா ரொம்ப மெல்லிசு. பெடல் முட்டுனா பின்னாடி வளையுது, பெடல் விலகுனா அதுவும் கூடவே வருது. அப்புறம் பொத்தான் எங்க வெளிய வரும்? தூக்கி உதைச்சாத்தான் ரெண்டும் பிரியும்!"

டெப்போவே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன், வெட்கமாகப் போய்விட்டது.

என் பேரில் தவறில்லை என்று பதிவாயிற்று. மெக்கானிக் கனத்த இரும்புப் பட்டையில் துளை போட்டு அரை மணி நேரத்தில் ஸ்விட்சை மாட்டிக் கொடுத்தார். நாங்கள் இருவரும் காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"நான் உதைக்கிறது உனக்குத் தெரிஞ்சுதுல்ல?" என்றார். "ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா எனக்கு வேலை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நீங்களே சொன்னதால வீட்டுக்காரரும் மிஞ்சினார்."

முன்னால் சிக்னல் விழுந்தது. மெதுவாக மிதித்தார். பின்னால் வந்த லாரி தள்ளியே நின்றது.