பசை காயும் நேரம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையின் மிச்சம். மலிவான சூரிய மின்கலங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். அந்த மின்கலங்களுக்காகச் சிலிக்கான் பாளம் அறுக்கும் கூடத்தில் ஒரு பெண் சொன்னதற்கு அதில் இடமில்லை.

தொடங்கிப் பார்த்தேன்: 'மயிரிழைக் கம்பிகள் சாம்பல் நிறக் குழம்பில் நனைந்தபடி…' (விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

'பாதிச் சிலிக்கான் தூளாகத்தான் போகிறது, எழுத்தும் அப்படியே…' (இது யாருக்கும் தோன்றும். வேண்டாம்.)

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். பாளத்தைக் கண்ணாடிப் பலகையில் பசையால் ஒட்டி, பலகை மேலிருக்கத் தொங்கவிட்டு, ஓடும் கம்பிகளின் மேல் மெல்ல இறக்குவார்கள். கம்பிகள்மேல் ஊற்றும் குழம்பிலுள்ள கடினமான தூள் உரசி உரசி அறுக்கும். ஒரு ஷிப்டு முழுக்க ஆகும். கடைசியில் தாள் போன்ற நூற்றுக்கணக்கான சில்லுகள் அந்தப் பசையில்தான் தொங்கும்.*

* பசை காயாதிருந்தால் விழும். விழுந்தால் ஒன்றும் தேறாது.

இயந்திரத்தை ஓட்டுவது நான் சொன்ன பெண், அக்கா. பாளத்தை ஒட்டுவது அவள் தங்கை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. (அவளை முதலில் சோம்பேறியாக எழுதியிருந்தேன். சோம்பேறி இல்லை, தூக்கம் போதாதவள்.)

3

பாதி அறுத்தபோது தங்கை வந்தாள்.

"கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லு."

"இப்பவே கோவம் வருது. என்னடி?"

"பசை முழுசா காயலக்கா. சூப்பர்வைசர் கத்தினாரு, தூக்கிக் குடுத்துட்டேன்."

"காலையில வாயில பூட்டா போட்டிருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப எனக்கும் சேர்த்துக் குடுத்துட்ட."

நிறுத்தினால் எல்லாச் சில்லுகளிலும் கோடு விழும். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள்; தங்கையின் வேலை போகும். ஓடவிட்டால் பசை தாங்கலாம். தாங்காவிட்டால் பாளம் முழுக்கப் போகும், இருவரும் வீட்டில்.

4

முடிவு ஒன்று: தாங்கியது. (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: விழுந்தது. பழியை அக்கா தன் தலையில் போட்டுக்கொண்டு… (தியாகமெல்லாம் வேண்டாம்.)

அலுத்துப்போய் அக்காவுக்கே போன் செய்தேன்.

"கடைசியில விழுந்துச்சாம்மா?"

"நீங்களா இருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

"தெரியலம்மா."

"விழுந்துச்சான்னு சொல்லிட்டா, நான் செஞ்சது சரியா தப்பான்னு உடனே சொல்லிடுவீங்க. அன்னிக்கு அங்க நிக்கும்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?"

5

இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன். இனி என்னால் ஆகாது. நீங்கள் வந்து நில்லுங்கள். கம்பி பாதிப் பாளத்தில் இருக்கிறது. நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டுகிறது. பக்கத்தில் நிற்பவள் உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.

"அக்கா, சும்மா நிக்காத. ஏதாவது சொல்லு."