எட்டாம் நம்பர் தட்டு

"கேட்டைத் தாண்டினதும் நீ யாரோ நான் யாரோ. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு," என்றாள் அம்மா.

சத்தியமெல்லாம் எதற்கு என்று மகள் செருப்பை மாட்டியபடி முணுமுணுத்தாள். அம்மா விடுவதாக இல்லை. வாசலை மறித்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முந்தைய கதையை மறுபடி எடுத்தாள். அம்மா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக் காவலாளியின் மகனும் இதே கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்குத் தேர்வாகி வந்தவன்தான். அப்பன் யாரென்று தெரிந்த மறுநாளே அவனைச் சோதனைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற விட்டார்கள். எட்டு வாரமும் ஊற்றினான். கடைசியில் கொடுத்த சான்றுக் கடிதத்தில், செடிகளை நன்றாகப் பார்த்துக்கொள்வான் என்று எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன படிப்புக்குப் போவான்? மகள் அம்மாவின் தலையில் கை வைத்தாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் அம்மா பத்தொன்பது வருஷமாகப் பாட்டில் கழுவுகிறாள். அவள் பெயரே 'பாட்டில்' என்றாகிவிட்டது. "பாட்டிலைக் கூப்பிடு" என்று யாராவது சொன்னால் ஈரக்கையோடு ஓடிவருவாள். பேராசிரியை நல்லவர்தான். இங்கே எல்லாரும் ஒன்று என்று முதல் நாளே மாணவர்களிடம் சொன்னார். சொல்வதற்குக் காசா பணமா? பிறகு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தார்கள். பாட்டில் பின்னறையில் நின்றபடி, தனக்கென்று வைத்திருந்த தனிக் கோப்பையில் குடித்தாள்.

நானூறு பேர் விண்ணப்பித்து எட்டுப் பேரை எடுத்திருந்தார்கள். எட்டாவது ஆள் மகள், கல்லூரியில் உயிரியல் இரண்டாம் வருஷம். பாட்டிலில் செல்களை வளர்த்து, ஒரு மருந்தைக் கொடுத்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ண வேண்டும். கழுவிய பாட்டில்கள் ஆளுக்கொரு நம்பர் போட்ட தட்டில் வரும். முடிவில் பேராசிரியை நல்லபடியாக ஒரு கடிதம் எழுதினால் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிடும். எழுதாவிட்டால் படிப்பு இந்தக் கல்லூரியோடு சரி. இவளுக்காகப் பேச வேறு நாதி கிடையாது.

ஐந்தாம் வாரம் செல்கள் செத்தன. மருந்தே போடாத பாட்டிலிலும் செத்தன. அடுத்த தடவையும் அதே கதை. மற்ற ஏழு பேருக்கும் ஜோராக வளர்ந்தன. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊட்டத் திரவத்தை மாற்றினாள், சூட்டுப் பெட்டியை மாற்றினாள், கடைசியில் பக்கத்து மாணவனின் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். அதில் மட்டும் செல்கள் பிழைத்தன. ஒன்பது நாள் செய்ததையும் நோட்டில் வரிசையாக எழுதினாள். அந்தக் கோடையில் அங்கே நடந்த உருப்படியான ஆராய்ச்சி அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து, என் பாட்டில்களை எப்படிக் கழுவுகிறாய் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா பெருமையாகவே சொன்னாள்.

"எட்டாம் நம்பர் தட்டு உன்னோடதாச்சே. எல்லாத்தையும் கழுவி முடிச்சப்புறம், உன்னோடத மட்டும் சாயங்காலம் இன்னொரு தடவ சோப்பு போட்டுத் தேய்ப்பேன். பளபளன்னு இருக்கும்."

அலசினாயா என்று கேட்டாள். சுத்திகரித்த தண்ணீர் இருக்கும் அறையைச் சாயங்காலம் பூட்டிவிடுவார்களாம். அதனால் குழாயில் ஒரு தடவை காட்டினாளாம். ஏழு தடவை அலச வேண்டும் என்பது விதி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒட்டிக்கிடந்த சோப்பு பொன் குஞ்சின் செல்களைக் கொன்றுவிட்டது. விஷயம் புரிந்ததும் அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னால் உன் வேலை போய்விடும், நான் சொல்லமாட்டேன் என்றாள் மகள். மறுபடி வளர்க்க நாளும் இல்லை.

கடைசி நாள் ஏழு பேர் படம் போட்டு விளக்கினார்கள். இவள் எழுந்து, செல்கள் செத்துவிட்டன, என் கவனக்குறைவு என்றாள். பேராசிரியை வருத்தத்தோடுதான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காத. இந்த வேலைக்குன்னு ஒரு கை வேணும். சில வீட்டுப் பிள்ளைங்களுக்கு அது அமையறதில்ல."

கதவோரம் தட்டோடு நின்ற பாட்டில் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவ கை நல்ல கைதாங்க. தப்பு என் சோப்புல. அவ எம் பொண்ணு."

மகள் நோட்டை நீட்டினாள். பேராசிரியை அதை வாங்கவில்லை. இங்கே யார் பேதம் பார்த்தார்கள், எட்டு வாரம் மறைத்துவிட்டீர்களே என்று அவர் நொந்துபோனார். உண்மையை ஒளித்தவளுக்கு நேர்மையானவள் என்று எப்படிக் கடிதம் கொடுப்பது? விதியை மீறியவளை எப்படி வேலையில் வைத்துக்கொள்வது? இரண்டுமே முடியாது என்றார். அப்புறம் அவருக்கு மனசு இளகியது.

"உங்கம்மா இடம் காலியாகுது. சோப்பு விஷயம் உன்னைவிட யாருக்குத் தெரியும்? நாளைக்கே வந்து சேர்ந்துக்கம்மா."

அவருடைய பெருந்தன்மையை நினைத்து ஏழு மாணவர்களும் தலையசைத்தார்கள்.

மகள் நோட்டை மேசையிலேயே விட்டாள். சத்தியத்தை மீறி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அம்மா, கையுறையக் கழட்டிப் போடு. போகலாம்."

இருவரும் கேட்டைத் தாண்டினார்கள். இனி என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சோப்பு ஒட்டியிருந்தால் செல்கள் சாகும் என்பது ஒன்பது நாள் சோதனையில் உறுதியாகியுள்ளது, ஆகவே ஏழு முறை அலசவும் என்று இருந்தது. கீழே பேராசிரியை கையெழுத்துப் போட்டிருந்தார்.